பழைய டிராக்டரில் மின்சாரம் எங்கே தொலைகிறது?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆர்.கே.பேட்டை வட்டாரத்து டிராக்டர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. வெட்டிய கரும்பை டிரெய்லரில் ஏற்றி, திருத்தணியைத் தாண்டி, திருவாலங்காட்டில் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வண்டிகளில் சில, ஓட்டுகிறவரைவிட வயதில் மூத்தவை. எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது, கியர்பாக்ஸ் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கிவிடும். "பேட்டரி போயிடுச்சு" என்று முடிவு கட்டி, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுசு வாங்கி மாட்டுவார்கள். சில மாதங்கள் போனால் மறுபடியும் அதே 'டக்'.

விவரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் இந்த இடத்தில் வேறு மாதிரி பேசுவார். "பேட்டரி இருக்கட்டும்ணா, மொதல்ல எர்த்து ஒயரைக் கழட்டிப் பார்ப்போம்" என்பார். அவர் தேடுவது பழுதான பாகத்தை அல்ல. பேட்டரி கொடுக்கும் வோல்டேஜ் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேருகிறதா, வழியிலேயே தொலைகிறதா என்பதைத்தான் பார்க்கிறார். பழைய டிராக்டரின் மின்கோளாறுகளைத் தொடர்ந்து கவனித்தால் ஒன்று தெளிவாகும். பாகங்கள் கெடுவதைவிட, பாகங்களை இணைக்கும் இடங்கள் கெடுவதுதான் அதிகம். அதிலும் மின்சாரம் திரும்பி வரும் பாதையை யாருமே பார்ப்பதில்லை.

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் டிராக்டர் தயாரிப்பு வேகம் எடுத்தது 1960களில்தான். 1959இல் ஐஷர், 1960இல் சென்னையில் டாஃபே, 1963இல் மஹிந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்த கூட்டு நிறுவனம், 1971இல் எச்.எம்.டி. என்று அடுத்தடுத்து வந்தன. நமக்குப் பக்கத்தில் இருப்பது டாஃபே. சென்னை செம்பியத்தில் மாஸி பெர்குசன் டிராக்டர்கள் உருவாயின. அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்ப்சன், பெர்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைச் செய்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாடியில், 1961இல் தொடங்கிய லூக்காஸ்-டிவிஎஸ் வாகனங்களுக்கான டைனமோவையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் செய்தது. அதனால் நம் ஊர்ப் பழைய டிராக்டர் பலவற்றின் ஒயரிங் பிரிட்டிஷ் லூக்காஸ் மரபில் வந்தது. அந்த மரபு தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டீசல் டிராக்டருக்கு மின்சாரம் தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு. பெட்ரோல் வண்டிபோல ஸ்பார்க் பிளக் இல்லை. இறுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. டீசல் பம்பு முழுக்க முழுக்க இயந்திர வேலை. எஞ்சினை நிறுத்துவதற்குக்கூட ஒரு கம்பியை இழுத்தால் போதும். ஆக, ஸ்டார்ட் செய்யவும் விளக்கு எரியவும் ஹாரன் அடிக்கவும்தான் பேட்டரி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஒயரிங் நாறிக் கிடந்தாலும் உழவு நிற்காது. அலட்சியத்துக்குக் காரணமே இதுதான்.

ஆனால் அந்த ஸ்டார்ட் ஆகும் சில நொடிகள் லேசுப்பட்டவை அல்ல. சிலிண்டருக்குள் காற்று 16 முதல் 18 மடங்கு வரை இறுக்கப்படுகிறது. வேகமாக இறுக்கினால் அதன் வெப்பநிலை 500 டிகிரியைத் தாண்டும். மெதுவாக இறுக்கினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியாகக் கசிந்துவிடும், ரிங் இடுக்கில் காற்றும் கசியும், டீசல் பற்றாது. அதனால் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றினால் மட்டும் போதாது, போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும். "செல்ஃப் சுத்துது, ஆனா வண்டி எடுக்கல" என்று பம்பு மெக்கானிக்கிடம் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு ஸ்பானரும் உப்புத்தாளும்.

கணக்கைப் பாருங்கள். சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும். சுற்றத் தொடங்கும் முதல் நொடியில் இன்னும் அதிகம். ஓமின் விதிப்படி வோல்டேஜ் இழப்பு என்பது ஆம்பியரை மின்தடையால் பெருக்கிய தொகை. ஒரு இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால், 200 ஆம்பியரில் அங்கேயே 2 வோல்ட் காலி. அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதியில் அளக்கக்கூட முடியாது, பூஜ்யம் என்றே காட்டும். அதே இணைப்பு வழியாக ஒரு பல்பு பிரமாதமாக எரியும். அதனால்தான் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து "லைன் இருக்கு" என்று சொல்வது இங்கே எதையும் நிரூபிக்காது. மின்சாரம் பெருவெள்ளமாக ஓடும்போதுதான் இந்தக் குறை வெளியே தெரியும்.

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து தடிமனான கேபிள் சொலினாய்டு என்ற சுவிட்ச் வழியாகச் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. அதை எல்லாரும் பார்க்கிறோம், முறுக்குகிறோம், மாற்றுகிறோம். திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி கிடையாது. மோட்டாரின் உடல், அதைத் தாங்கும் எஞ்சின் வார்ப்பு, அங்கிருந்து ஒரு பட்டைக் கேபிள், பேட்டரியின் மறுமுனை. இதுதான் பாடி எர்த்து. வார்ப்பிரும்பு கெட்டியானது, தடையே கிடையாது என்று சொல்லலாம். தடை எல்லாம் இரும்பும் இரும்பும் தொடும் இடத்தில். நாற்பது வருஷத்துத் துரு, கேஜ் வீல் வாரி அடித்த சேற்றின் ஈரம், பேட்டரி ஆவியில் பூத்த வெள்ளைப் பொடி. எல்லாவற்றையும்விட மோசமானது புதுப் பெயின்ட். பழைய வண்டியைப் பளபளவென்று சிவப்படித்து எடுத்து வந்த மறுவாரம் செல்ஃப் சரியாக எடுக்கவில்லை என்றால், எர்த்து போல்ட்டின் அடியில் பெயின்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்துத் தூணின் நடு ஈயத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கிளாம்பின் மேல் வைத்தால் பயன் இல்லை, தூணுக்கும் கிளாம்புக்கும் இடையிலேயே குறை இருக்கலாம். மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் ஓரிடத்தைச் சுரண்டி வெள்ளி இரும்பு தெரியும்படி செய்து அங்கே வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2, 0.3 வோல்ட் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. இப்போது மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரிப் பக்கம் நகர்த்துங்கள்: எர்த்து போல்ட், கேபிளின் லக், கிளாம்பு. எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, குற்றவாளி அங்கேதான். லைவ் பக்கத்திலும் இதே சோதனைதான். சுற்றும்போது பேட்டரித் தூண்களுக்கு நடுவில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே பேட்டரிமேல் சந்தேகப்பட வேண்டும்.

சரிசெய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எர்த்துக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. வெள்ளை பூத்ததை ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் கழுவலாம், கரைசல் செல்களுக்குள் போகக் கூடாது. இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவ வேண்டும். எர்த்துக் கேபிளைச் சேஸிஸில் எங்கோ ஒரு மூலையில் மாட்டாமல், செல்ஃப் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டிலேயே கொண்டுபோய் மாட்டினால் பாதையின் பாதி இணைப்புகள் கணக்கிலிருந்தே போய்விடும். கேபிளின் பருமனில் கஞ்சத்தனம் கூடாது. 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் 300 ஆம்பியருக்கு மீட்டருக்கு 0.15 வோல்ட் போகும். 10 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் போகும், கேபிளும் சுடும்.

அடுத்தது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ. பழைய டிராக்டரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது. காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டிய அதே தத்துவம்தான். ஆனால் இதற்குள் நிரந்தரக் காந்தம் எதுவும் இல்லை. கூட்டின் உட்புறத்தில் இரண்டு இரும்புத் துண்டுகள், அவற்றைச் சுற்றி ஃபீல்டு காயில். காயிலில் மின்சாரம் ஓடினால்தான் அவை காந்தமாகும். அந்த மின்சாரத்தை டைனமோவேதான் தர வேண்டும். காந்தம் இருந்தால்தான் மின்சாரம், மின்சாரம் இருந்தால்தான் காந்தம் என்றால் எது முதலில் தொடங்கும்? இரும்புதான் தொடங்கி வைக்கிறது. ஒருமுறை காந்தமான இரும்பு அதை முழுசாக விட்டுவிடுவதில்லை, துளி மிச்சம் வைத்திருக்கும். ஆர்மேச்சர் என்ற கம்பிச்சுருள் சுழன்றதும் அந்த மிச்சக் காந்தம் ஒன்றிரண்டு வோல்ட்டை எழுப்புகிறது. அது ஃபீல்டு காயிலுக்குப் போய்க் காந்தத்தைக் கொஞ்சம் வலுவாக்குகிறது. வலுவான காந்தம் இன்னும் அதிக வோல்ட்டைத் தருகிறது. இப்படி ஒன்றை ஒன்று தூக்கிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் முழு வோல்டேஜுக்கு வந்துவிடும். 1866-67 வாக்கில் சீமென்ஸ், வீட்ஸ்டோன் முதலானோர் இந்தத் தற்கிளர்ச்சித் தத்துவத்தைக் கண்டுகொண்ட பிறகுதான் மின்சாரம் பெரிய அளவில் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது.

பல வருஷம் கொட்டகையில் சும்மா கிடந்த வண்டியிலும், டைனமோவைப் பிரித்து மாட்டிய பிறகும் அந்த மிச்சக் காந்தம் போய்விடுவது உண்டு. எல்லாம் சரியாக இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. ஆர்மேச்சர் போய்விட்டது என்று அதைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லூக்காஸ் வகை டைனமோவில் இரண்டு முனைகள்: பெரியது டி, சின்னது எஃப். எஃப் முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு கம்பியால் எஃப் முனையை இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தால் போதும், காந்தம் திரும்பிவிடும். இந்த வேலையை, டைனமோவுக்குப் பதிலாக வரும் ஆல்டர்னேட்டரில் செய்யக் கூடாது, உள்ளே இருக்கும் டையோடு கருகிவிடும்.

காந்தம் எந்தத் திசையில் வைக்கப்பட்டதோ அந்தத் திசையில்தான் டைனமோ சார்ஜ் செய்யும் என்பதும் இதிலிருந்தே புரியும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். பழைய வண்டிக்குப் புது பேட்டரி மாட்டும்போது, பாடிக்குப் போகும் கேபிள் எந்தத் தூணில் இருந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டைனமோ நல்லதா என்று அறிய இன்னொரு சோதனை இருக்கிறது. இரண்டு ஒயரையும் கழற்றி, டி, எஃப் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டரை வையுங்கள். எஞ்சினை ஐடிலிங்கிலிருந்து மெல்ல ஏற்றினால் வோல்டேஜ் தடங்கலின்றி ஏற வேண்டும். 20 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் முறுக்கினால் காயில் தாங்காது. ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயிலில் குறை. எதுவுமே வரவில்லை என்றால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். பிரஷ் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டர் கருத்திருந்தால் மெல்லிய கண்ணாடித்தாளால் துடைக்கலாம். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஷார்ட் அடிக்கும்.

டைனமோவும் நல்லது, பேட்டரியும் நல்லது, ஆனாலும் ஒரே ராத்திரியில் சார்ஜ் இறங்குகிறது என்றால் கட்அவுட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் நின்றதும் டைனமோவின் வோல்டேஜ் விழுகிறது. அப்போது இணைப்பைத் துண்டிக்காவிட்டால் மின்சாரம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாயும். ஏறத்தாழ 13 வோல்ட்டில் சேர்ந்து, திருப்பி ஓடத் தொடங்கியதும் பிரிவதுதான் கட்அவுட்டின் வேலை. அதன் பாயின்ட்கள் ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் பேட்டரி காலி, டைனமோ கொதிக்கும். எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து டைனமோ மேல் கை வைத்தாலே தெரிந்துவிடும்.

டைனமோவின் உண்மையான பலவீனம் வேறு. லூக்காஸ் சி40 வகை தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது. ஐடிலிங்கில் கட்அவுட் சேரவே சேராது. ஒரு ஸ்டார்ட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு: 300 ஆம்பியர் வீதம் ஐந்து நொடி என்றாலும் அரை ஆம்பியர்-மணிகூட இல்லை, சில நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். பேட்டரியைக் கொல்வது ஆலை வாசலில் நிற்கும் வரிசை. ஹெட்லைட், டெயில் லைட் என்று 10 ஆம்பியர் எரியவிட்டு, வண்டியை ஐடிலிங்கில் உறுமவிட்டு ஆறு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போனால் 60 ஆம்பியர்-மணி போய்விடும். எஞ்சின் ஓடுகிறதே, சார்ஜ் ஏறும் என்று நம்பி உட்கார்ந்திருப்பார் டிரைவர். ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். ஆல்டர்னேட்டரில் கனமான கம்யூட்டேட்டர் இல்லை, அதனால் சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுழற்றலாம், ஐடிலிங்கிலேயே சார்ஜ் ஏறும். என் கருத்து இதுதான்: இரவில் கரும்பு ஓட்டும் வண்டிக்குத் தயங்காமல் ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாம். பகலில் உழவுக்கு மட்டும் போகும் வண்டியில் டைனமோவை விரட்ட வேண்டியதில்லை. பெல்ட்டைச் சரியாக இறுக்கி, பின்பக்க புஷ்ஷுக்கு அவ்வப்போது ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் பல காலம் ஓடும்.

இனி வெயில். மே மாதம் வானிலைத் துறையின் பட்டியலில் திருத்தணியின் பெயர் முன்னே நிற்பது நமக்குப் பழக்கம். 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில், பானெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டில் இருக்கும் பேட்டரியின் நிலையை நினைத்துப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் ரசாயன மாற்றத்தின் வேகம் சுமாராக இரட்டிப்பாகும். சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்குவதும் தகடு அரிப்பதும் அதே கணக்கில் ஏறும். குளிர்நாடுகளில் முழு சார்ஜில் ஆசிடின் அடர்த்தி 1.280 வரை வைப்பார்கள். வெப்ப நாடுகளில் 1.240 அளவில் நிறுத்துவது அரிப்பைக் குறைக்கத்தான். ஹைட்ரோமீட்டரில் 1.240 கண்டதும் ஆசிட் ஊற்றுவது பேட்டரிக்கு ஆயுசைக் குறைக்கும் வேலை. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, ஆசிட் உள்ளேயே இருக்கிறது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர். போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடும் இரும்பும் தகடுகளைத் தின்னும். நல்ல வெயிலில், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வோல்டேஜும் கொஞ்சம் குறைய வேண்டும். பழைய லூக்காஸ் பெட்டியில் சூட்டுக்கு வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று இந்தத் திருத்தத்தைத் தானே செய்கிறது. பெட்டி பழசாகிவிட்டது என்று அதன் ஸ்குரூவைத் திருகிப் பார்க்கிறவர்கள் இதைக் கெடுத்துவிடுகிறார்கள். வேலை இல்லாத மாதங்களில் எர்த்துக் கேபிளைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை வெளியே சார்ஜ் போட்டால் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்படாது.

ஒயரிங்கில் கை வைப்பதற்கு முன் நிறங்களைப் படியுங்கள். லூக்காஸ் முறையில் பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி திறந்ததும் வருவது, பச்சை ஃபியூஸுக்குப் பிறகு, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கருப்பு எர்த்து. பழுப்பு ஒயருக்குப் பல பழைய வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. வைக்கோல் பக்கத்தில் எலி கடித்த ஒரு பழுப்பு ஒயர் பாடியில் தொட்டால் கொட்டகையே போகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, செல்ஃப் கேபிளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.

கடைசியாக டிரெய்லர். இதைப் பற்றி எனக்கு உண்மையான பயம் உண்டு. பெரும்பாலும் டிராக்டரிலிருந்து டிரெய்லருக்கு லைவ் ஒயர்தான் போகிறது. திரும்பி வரும் பாதை கொக்கியும் பின்னும்தான். கிரீஸும் துருவும் படிந்த அந்தப் பின், பாரம் இழுக்கும்போது ஒரு பக்கம் அழுந்தும், பள்ளத்தில் இறங்கும்போது விலகும். ஒவ்வொரு குலுக்கலிலும் எர்த்து அறுந்து அறுந்து சேரும். அந்த நேரத்தில் பிரேக் மிதித்தால், பிரேக் விளக்குக்குப் போன மின்சாரம் திரும்ப வழி இல்லாமல் டெயில் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கிப் போகப் பார்க்கும். இரண்டு பல்புக்கும் முழு வோல்டேஜ் கிடைக்காது. பிரேக் மிதித்தால் பின்விளக்கு பிரகாசமாவதற்குப் பதிலாக மங்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இழை பல்பின் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும். கரும்பின் தோகை பாதி மறைத்த விளக்கு, அதிலும் மங்கலாக. பின்னால் பைக்கில் வருகிறவர் என்ன செய்வார்?

பிளக்கில் எர்த்துக்கென்று ஒரு முனை ஒதுக்கி, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை டிராக்டரின் எர்த்து போல்ட்டிலிருந்து டிரெய்லர் விளக்குவரை நேராக இழுத்துவிட வேண்டும். விளக்கின் கூட்டிலிருந்து பேட்டரியின் எர்த்துத் தூணுக்கு மீட்டர் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே பார்த்தால் கால் வோல்ட்டுக்குமேல் காட்டக் கூடாது. டிரெய்லரின் பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையையும் பக்கவாட்டில் மஞ்சள் பட்டையையும் ஒட்டிவிடுங்கள். பல்பு போனாலும் பேட்டரி இறங்கினாலும், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்திலேயே அது தெரியும்.